கப்பலுக்கு வைத்த பொட்டு

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டி ஓய்வுபெற்ற வெங்கட்ரமணன், ஆழ்வார்திருநகரியில் தன் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பழைய புகைப்படத்தின் மேல் குனிந்திருக்கிறார். எதிரே, படத்திலுள்ள கப்பலின் பேரைக் கேட்டு வந்த இசக்கிச்செல்வி நிற்கிறாள். தோணி கவிழ்ந்து கடலில் கிடந்த அவள் அப்பாவைத் தூக்கிவிட்ட சரக்குக் கப்பல் அது. கப்பல்காரர்களே கொடுத்த படம். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. பேர் தெரியாமலே கும்பிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் கரையேறிய நாளில், கப்பலுக்கு நெற்றி இதுதான் என்று படத்தில் அதன் மூக்கில் அம்மா வருஷந்தவறாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். முப்பத்தெட்டு வருஷத்துப் பொட்டு அங்கே ஓடாய் இறுகியிருக்கிறது.

“பேர் எழுதுற எடத்தையே பாத்து வச்சிருக்கீங்களேம்மா!” என்று சிரித்தபடி அவர் ஈரப்பஞ்சால் பைய ஒற்றுகிறார். ஆற்றுக்காற்றில் சுவர்க் காலண்டர் படபடக்கிறது. பொருக்கு இளகி வருகிறது. அடியில் கடைசி இரண்டு எழுத்துகள்தான் மிச்சம். அவருடைய பூதக்கண்ணாடி புகைக்கூண்டுக்கு நகர்கிறது. அதில் கம்பெனி அடையாளமாக ஒரு வெள்ளை நட்சத்திரம். கை அப்படியே நின்றுவிடுகிறது. “அட, இது ஹெலனால்லா! நானே துறைமுகத்துக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கேன்.” “ஹெலனா,” என்று இசக்கிச்செல்வி மெல்லச் சொல்லிப் பார்க்கிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்போல் இருக்கிறது. அவர் சிவந்த பஞ்சைக் குப்பைக்கூடைப் பக்கம் கொண்டுபோகிறார். “அங்கன போட்டுராதீங்க, சார்!” என்று பதறிக் கைநீட்டி வாங்கியவள், அதைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறாள்.