சாரத்தில் இரண்டு பேர்

கோவிலுக்குள் அவள் கால் வைத்ததுமே கணவரின் குரல் மைக்கில் கேட்டது.

மகள் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து, தூணுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள். "அப்பா முடிக்கட்டும். திடீர்னு போய் முன்னாடி நிப்போம்" என்று கிசுகிசுத்தாள்.

மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. அப்பாவின் புனிதருக்கு முதல் நன்றி சொல்ல வேண்டும், அதுவும் அப்பாவுக்குத் தெரியாமல் வந்து சொல்ல வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று அம்மாவைக் கிளப்பியிருந்தாள்.

மாதம் தவறாமல் அவர் இங்கே வருவார். தனியாகத்தான் வருவார். கேட்டால், "அங்க ஒரே கூட்டம். உனக்கு மூச்சு முட்டும்" என்பார்.

பெஞ்சுகள் பாதிக்குமேல் காலியாக இருந்தன. தடித்த பழைய சுவர்களுக்குள் குளுகுளுவென்று காற்று வந்தது.

பீடத்தின் பக்கத்தில், ஊரே 'கைகொடுப்பவர்' என்று செல்லமாகக் கூப்பிடும் புனிதர் நின்றார். காய்ச்சலில் தெருவில் கிடந்தவர்களைத் தோளில் சுமந்து வந்து பிழைக்க வைத்த பாதிரியாராம். மக்கள் தொட்டுத் தொட்டு அவருடைய கல்விரல்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. அந்த விரல்கள்மேல் கையை வைத்தபடி அவள் கணவர், புனிதர் தன்னைக் காப்பாற்றியதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இவ்வளவு நன்றாகப் பேச வரும் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் நீட்டுவார்.

இந்தக் கோபுரத்துக்கு வெள்ளையடித்த கதை. சாரம் சரிந்த கதை.

அவளுக்குத் தெரிந்த கதைதான். கூட்டாளி வழுக்கிவிட்டார், இவர் கோபுரத்தின் அந்தப் பக்கம் இருந்தார், ஓடிவந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "ஒரு சத்தம்கூட இல்ல. வலியே தெரிஞ்சிருக்காது" என்று அன்றைக்குச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுபடி எழுந்து நடந்தாள்.

மைக்கில் கதை வேறு மாதிரி போனது.

"ஒரு கையால கயித்தைப் பிடிச்சுத் தொங்குறேன். இன்னொரு கையைக் கூட்டாளி பிடிச்சுத் தொங்குறான். கயிறு நூல் நூலா பிரியுது. அப்பதான் புனிதர் என் காதுல சொன்னாரு, விட்டுடு மகனே, அவனை நான் பாத்துக்குறேன்னு."

அங்கே நிறுத்தினார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவருக்குப் பழகியிருந்தது.

"அவன் விடல. என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். நான்தான் உதறினேன்."

முன்வரிசையில் யாரோ விசும்பினார்கள். 'ஆமென்' என்ற முனகல் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் வந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டா அப்பா நம்மகூடச் சிரிச்சுப் பேசிட்டு இருந்தாரு? பாவம்மா அந்த ஆளும். அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்துறேன். அவர் பேரு என்னன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும்.

அந்தப் பெயர் வீட்டில் அடிபட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. அடிபடக் கூடாது என்று கேட்டுக்கொண்டவரே கணவர்தான். அப்போது மகள் அவள் வயிற்றில் இருந்தாள். உள்ளேகூட வராமல் வாசலில் நின்றபடி, "பிறக்கிற பிள்ளைக்கு நானே அப்பாவா இருந்துட்டுப் போறேன். அதுக்குப் பழசு எதுவும் தெரிய வேண்டாம்" என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தாள். அவர் காலில் விழாத குறைதான்.

அவர் மைக்கை அதன் தாங்கியில் பொருத்திவிட்டு நிமிர்ந்தார். தூணோரம் தெரிந்த சேலையில் ஒரு கணம் கண் நின்றது. பிறகு அவள் முகத்துக்கு வந்தது.

நடுப்பாதையில் வேகமாக இறங்கி நடந்தார். வழியில் கும்பிட்டவர்களுக்கு அவர் பதில் வணக்கம் வைக்கவில்லை.

மகள் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

அவள் மகளின் காதருகே குனிந்து பெயரைச் சொன்னாள். அவர் பாதி தூரம் வருவதற்குள், அந்தப் பெயருக்குரியவர் மகளுக்கு என்ன முறை என்பதையும் சொல்லி முடித்தாள்.