மேனேஜருக்குள் ஒரு குதிரை

மல்லேஸ்வரத்தில் அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு சுனில் மறுபடியும் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தான். பவுடர் வாசனைதான் வந்தது. அப்பாடா என்று அழைப்பு மணியை அழுத்தினான்.

அவன் பயம் அவனுக்கு. அவன் அப்பாவின் பெயர் சின்னப்பா; சிவாஜிநகரில் ஜட்கா ஓட்டுகிறவர். வீட்டுக்குப் பின்னாலேயே குதிரை கட்டியிருக்கும். கூட வேலை பார்க்கும் லாவண்யாவிடம், "அப்பா டிரான்ஸ்போர்ட் லைன்ல இருக்காரு" என்று சொல்லி வைத்திருந்தான். முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

இன்றைக்கு அவள் அப்பாவிடம் பெண் கேட்கப் போகிறான். அந்த விஷயத்தை வீட்டில் மூச்சு விடவில்லை. காலையிலேயே அப்பா, "முக்கியமான சவாரி ஒண்ணு இருக்கு கண்ணு" என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனது நல்லதாய்ப் போயிற்று.

கதவைத் திறந்த லாவண்யா கிசுகிசுத்தாள்.

"பயப்படாத. எங்கப்பா ரிட்டயர்டு இங்கிலீஷ் மாஸ்டர். ஏதாவது ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு, அது எங்க பொறந்தது, எப்படி வளர்ந்ததுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நீ தலையாட்டினா போதும்."

தலையாட்டுவதில் சுனில் சூரன். கம்ப்யூட்டர் கம்பெனியில் இந்தச் சின்ன வயதில் மேனேஜர் ஆனதே அதனால்தான் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு.

அம்மா இல்லாத வீடு; அப்பாவும் பெண்ணும்தான். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சாமிநாதன் வாய் நிறைய வரவேற்றார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. அப்பா வரலையா?"

"ஓசூர் போயிருக்காரு சார். பிசினஸ் விஷயமா."

"ஓஹோ. வண்டியிலதான் போயிருப்பாரு."

"ஆமா சார்."

லாவண்யா தட்டில் மூன்று டம்ளர் காப்பி கொண்டுவந்தாள். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, மூன்றாவதை உள் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பாவம், அவளுக்கும் பதற்றம் என்று சுனில் நினைத்துக்கொண்டான்.

சாமிநாதன் ஒரு வாய் காப்பி உறிஞ்சினார்.

"சிவாஜிநகர்ல கான்ஸ்டபிளுங்க நடமாட்டம் ஜாஸ்தி, இல்ல?"

"இருக்காங்க சார்."

"அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்ததுன்னு நினைக்கறீங்க? லத்தீன்! ஆதியில கான்ஸ்டபிள்னா போலீஸ்காரன் இல்ல, லாயத்துக்குப் பொறுப்பானவன். குதிரை லாயம்!"

சுனிலுக்குப் புரையேறியது. இருமிக்கொண்டே தலையாட்டினான்.

"அதை விடுங்க. பட்டாளத்துல மார்ஷல்னா எவ்வளவு பெரிய பதவி! அவன் ஆதியில யாரு? குதிரையைப் பாத்துக்கற வேலைக்காரன்."

இங்கிலீஷில் லட்சக்கணக்கான வார்த்தைகள் கிடக்க, இந்த மனுஷருக்கு லாயத்தை விட்டு வெளியே வரவே தெரியாதா! சுனில் யாருக்கும் தெரியாமல் சட்டைக் கையை இன்னொரு முறை முகர்ந்தான்.

"சரி, குதிரையை விடுவோம்" என்றார் சாமிநாதன். "ஆபீஸ்ல நீங்க என்னவா இருக்கீங்க?"

"மேனேஜர் சார்." தப்பித்தோம் என்று மூச்சு விட்டான்.

"அடடா!" சாமிநாதன் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "அது இன்னும் விசேஷம் தம்பி. லத்தீன்ல 'மானுஸ்'னா கை. அதுலேருந்து இத்தாலிக்காரன் ஒரு வார்த்தை உண்டாக்கினான், குதிரையைக் கைக்குள்ள வச்சுப் பழக்கறதுக்கு. அது அப்படியே இங்கிலீஷுக்கு வந்தது. 'மேனேஜ்'னா முதல்ல குதிரையைப் பழக்கறதுதான். வீடு, நாடகக் கொட்டகை, ஆபீஸ் எல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. கடிவாளம் பிடிக்கிற கைதான் தம்பி முதல் மேனேஜர்!"

சுனிலுக்குத் தலை ஆடவில்லை. கடிவாளம் பிடித்துக் காய்த்துப்போன ஒரு கை அவன் கண்முன்னே வந்து நின்றது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் பள்ளிக்கூடம் போனான். அப்படிப்பட்ட அப்பாவைச் சத்தமில்லாமல் ஓசூருக்கு அனுப்பிவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போதும் சார்!" என்று எழுந்துவிட்டான். "எங்கப்பா ஜட்கா ஓட்டறாரு சார். ஓசூரும் இல்ல, பிசினஸும் இல்ல. நான்தான் சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சேன். அவரு வண்டி ஓட்டினதாலதான் நான் இந்த வேலையில உக்காந்திருக்கேன். நீங்க பொண்ணு குடுக்கலைன்னாலும் சரி, அவரை ஒளிச்சு வச்சுட்டு எனக்குக் கல்யாணம் வேணாம்."

சாமிநாதன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கதை முடிந்தது என்று சுனில் வாசலைப் பார்த்து நடந்தான்.

"ஸ்வல்ப நில்லுங்க தம்பி. நேத்து உங்க குடும்பத்தைப் பத்தி விசாரிக்கலாம்னு சிவாஜிநகர் வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு ஜட்கா பிடிச்சு, வண்டிக்காரர்கிட்டயே உங்க பேரைச் சொல்லி விசாரிச்சேன்."

சுனில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

சாமிநாதன் உள் அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"சம்பந்தி, வெளியே வாங்க! உங்க பையன் மூணாவது வார்த்தையிலேயே ஒத்துக்கிட்டான்!"