மாமியார் வசனம்

கொஞ்ச நாளாக மாமியாருக்கு ஒரு புதுப் பழக்கம். எதையும் நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை சொல்லித் திட்டுவாள்.

"நீ துவைச்ச துணிக்கு அழுக்குத் துணியே தேவலாம். கேட்டுச்சா? நீ துவைச்ச துணிக்கு அழுக்குத் துணியே தேவலாம்."

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பதில் பேசினால் வசனம் மறந்துவிடும். பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் போனில் ஏற்றுவாள். அவள் எழுதும் முதல் நாடகமே மாமியார் மருமகள் சண்டைதான்.

எழுதியவரை வாங்கிப் படித்த நாடக டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"மாமியார் பேச்சு நெருப்பும்மா. மருமக ஏன் மரக்கட்டையா நிக்கிறா? ரெண்டு பேரும் மோதினாத்தான் நாடகம். இதை மேடையேத்த முடியாது."

மருமகள் ஆத்திரம் தலைக்கேற வீட்டுக்குள் நுழைந்தாள்.

"செருப்பை ஒழுங்கா விடத் தெரியாதா?" என்று மாமியார் ஆரம்பித்தாள்.

"செருப்பாவது வாசல்ல நிக்குது அத்தை. உங்க நாக்கு எங்கயாவது நிக்குதா? நான் வாயை மூடிக்கிட்டு இருந்தது பயந்துக்கிட்டுன்னு நெனச்சீங்களா? உங்களுக்குப் பதில் சொன்னா என் வாய்தான் நாறும்."

மாமியார் முகம் கறுத்தது. சோபாவில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இந்த வாயை அப்பவே திறந்திருந்தா நாடகம் எப்பவோ முடிஞ்சிருக்கும். போ, மறக்கறதுக்குள்ள பாத்ரூமுக்குப் போய் எழுது."

மருமகள் கிட்டே வந்தாள். "நான் எழுதறது உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"பின்ன? ரெண்டு ரெண்டு தடவை நிறுத்தி நிறுத்தித் திட்டினேனே, உனக்குக் காது செவிடுன்னா?"