கை பட்ட இடம்

கண்ணாடிக் குடிலின் வாசலில் ஒரு தட்டில் பால் இருக்கும். அதில் கை நனைத்துவிட்டுத்தான் செடிகளைத் தொட வேண்டும். சிகரெட் பிடித்த விரல்களில் புகையிலை வைரஸ் ஒட்டியிருக்கும். பால் அதை முடக்கிவிடும். அங்கே வேலை பார்க்கும் வேதவல்லியை அழைத்துப்போக வந்த கணவர் தணிகைவேல், "பால்ல கை கழுவ இது என்ன கல்யாண வீடா?" என்று சிரித்தபடி அப்படியே நுழைந்து, ஓர் இலையைத் தேய்த்துப் பார்த்தார். அன்றைக்கு இலையில் ஒன்றும் தெரியவில்லை.

சில நாளில் அவர் விரல் பட்ட இடம் மட்டும் கருகியது. உள்ளே வந்த வைரஸ் அடுத்த செல்லுக்குப் போகாதிருக்க, அங்கிருந்த செல்கள் தாமாகவே செத்திருந்தன. மற்றபடி இலை பச்சையாக இருந்தது.

மாலையில் அழைத்துப்போக வந்தவரிடம் அதைக் காட்டினாள். "நுரையீரல் ஆபரேஷனுக்கு அப்புறம் சிகரெட்ட விட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

"இலை சொல்றத நம்புவ, நான் சொன்னா நம்ப மாட்டியா? உம்மேல சத்தியமா தொடல" என்று அவள் தலையில் கைவைத்து அழுத்தினார்.

பஸ்ஸில் அவள் உச்சந்தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"தலை வலிக்குதா?" என்றார்.

"இன்னும் இல்ல."