புது மருமகள் கட்சி

அம்மாவின் டயாலிசிஸ் மெஷின் மூன்றாவது தடவையாகக் கத்தியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கையை ஆட்டாதீங்கம்மா. ஊசி குத்தியிருக்கற கை" என்று நர்ஸ் ஓடி வந்து சத்தத்தை நிறுத்தினாள்.

"நான் எங்கே ஆட்டினேன்? அந்த ஆள் ஆட்ட வைக்கிறார்."

அந்த ஆள், பக்கத்துப் படுக்கைக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், அதனால் வார்டில் எல்லோருக்கும் கண்டக்டர்தான். அம்மாவுக்கும் அவருக்கும் ஒரே நேரம். செவ்வாய், வியாழன், சனி, காலையில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். எப்போதும் தம்பிதான் அம்மாவைக் கூட்டி வருவான். அவன் வெளியூர் போனதால் அந்த வாரம் நான் லீவு போட்டிருந்தேன்.

சண்டை ஒரு டிவி சீரியலைப் பற்றி. மூத்த மருமகளாக நடித்தவளைத் தூக்கிவிட்டுப் புதுசாக ஒருத்தியைப் போட்டுவிட்டார்களாம்.

"அழறப்போ கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலை. இவளை எல்லாம் யாரு தேடிப் பிடிச்சாங்களோ" என்றாள் அம்மா.

"தண்ணி வந்தாத்தான் நடிப்பா தங்கச்சி? பழைய பொண்ணு எதுக்கெடுத்தாலும் குழாயைத் திறந்துவிட்டுடும். இதுதான் அழுத்தமா நடிக்குது."

"அழுத்தமாவா? மூஞ்சியை உம்முனு வச்சுக்கிட்டா அழுத்தமா?"

"பாலுல விஷம் கலந்த கொழுந்தன் முன்னாடி நிக்குது. பல்லை இளிச்சுக்கிட்டா நிக்கும்?"

"சரி, மாமியாரைச் சொல்லுங்க. மகனைவிடச் சின்னவளா இருக்கா. அதுவும் சரியா?"

"சில பேருக்கு வாகு அப்படி. உங்களுக்கு ஏன் பொறாமை?"

அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள். மெஷின் மறுபடி கத்தியது.

நான் நர்ஸிடம் போனேன். "அம்மாவை வேற பெட்டுக்கு மாத்துங்க."

"காலி இல்லைங்க. அதுவும் இல்லாம, அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கறதுதான்..."

"அம்மாவுக்கு பிரஷர் ஏறுது. உங்களுக்கு வேடிக்கையா இருக்கா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நின்று கேட்கவில்லை. ஒன்று நினைத்துவிட்டால் முடிக்காமல் ஓயமாட்டேன், என் சுபாவம் அது.

அம்மா கண் அயர்ந்ததும் நேரே கண்டக்டர் முன்னால் போய் நின்றேன்.

"சார், உங்க வயசுக்கு இது நல்லாயிருக்கா? உடம்பு முடியாத மனுஷிகிட்ட வம்பு வளர்க்கறீங்க. இனிமே எங்கம்மாகிட்ட அந்த சீரியல் பேச்சை எடுக்கவே கூடாது."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அம்மாதான் சும்மா இருக்கவில்லை.

"நேத்து கோர்ட்டுல நின்னாளே, பார்த்தீங்களா? ரேஷன் கடையில நிக்கற மாதிரி."

"ஆமாங்க" என்றுவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா இன்னும் ரெண்டு தடவை சீண்டிப் பார்த்தாள். அதே 'ஆமாங்க'. அப்புறம் அவளும் வாயை மூடிக்கொண்டாள். மெஷின் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. எனக்கு ஏகத் திருப்தி.

சனிக்கிழமை காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை.

"நான் வரலை."

"என்னம்மா சொல்றே?"

"போதும்டி. நாலு மணி நேரம் சீலிங்கைப் பார்த்துக்கிட்டு அங்கே படுத்திருக்கறதுக்கு, இங்கேயே படுத்துட்டுப் போறேன்."

நாலு மாசம் முன்னால் இப்படித்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்து, தொடர்ந்து ரெண்டு தடவை போகவில்லை. நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அம்மா தானாகவே கிளம்பிவிடுகிறாள் என்று தம்பி போனில் சொன்னான். எப்படி மனசு மாறினாள் என்று நான் கேட்கவில்லை.

கெஞ்சினேன். திட்டினேன். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். நானும் விடுவதாக இல்லை. நர்ஸுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"கண்டக்டர்கிட்ட குடுக்கறேன். ஸ்பீக்கர்ல போட்டு அம்மா பக்கத்துல வைங்க" என்றாள்.

"அன்னிக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் சார். என்ன வேணா பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனைத் தலையணை மேல் வைத்தேன்.

"தங்கச்சி, நீங்க வரலையாமே? நல்லதாப் போச்சு" என்றார் அவர். "இங்க எல்லாரையும் புது மருமகள் கட்சியில சேர்த்தாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. நீங்களும் வரலைன்னா பழைய பொண்ணுக்காகப் பேச இங்க நாதியில்லை. அந்தப் பொண்ணுக்கு நடிக்கவே தெரியாதுன்னு தீர்மானம் போட்டுடலாமா?"

போர்வை விலகியது.

"நான் வர்றவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுடி அந்த ஆளை" என்றாள் அம்மா. "என் புடவையை எடு."

ஆஸ்பத்திரியில் அம்மாவை எடை பார்க்க அழைத்துப் போன நேரத்தில் நான் கண்டக்டர் பக்கத்தில் போய் நின்றேன். வெட்கமாக இருந்தது.

"சார், அன்னிக்கு நான் தெரியாம..."

"அது கிடக்கட்டும்மா. உங்கம்மா வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லு" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "எப்பவும் நர்ஸம்மாதான் சொல்லும், இன்னிக்கு அதுக்கு நேரமில்லை. நேத்து அந்த சீரியல்ல என்ன கதை? நான் அதை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை."