ஞானஸ்நானப் பெயர்
மேசையில் நான், பேனாவோடு. வாசலோரப் பெஞ்சில் சின்னராசா அண்ணன். தேயிலைக் கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு அடுப்படி நிலையில் சாய்ந்தபடி நாகலெட்சுமி அக்கா. போன ஞாயிறு எங்கள் ஜெபவீட்டுத் தகரத்தில் கல் விழுந்தது. இந்த ஞாயிறு காவல் வேண்டுமானால், வருகிறவர்களின் பெயர்களை எழுதித் தரச் சொல்கிறது பொலிஸ். அந்தத் தாள் கல்லெறிந்தவர்கள் கைக்குப் போய்விடுமோ என்றுதான் பயம். மஸ்கெலியா நீர்த்தேக்கத்தின் மேல் மஞ்சள் வெயில் மினுங்குகிறது.

"அடையாள அட்டைப் பேர மட்டும் போடுங்க தம்பி. நாகலெட்சுமின்னா யாரு என்ன கேக்கப் போறா?" என்கிறார் அண்ணன்.

"கல்லு விழுந்ததும் பெஞ்சுக்கு அடியில போன ஆளுதானே நீங்க," என்கிறாள் அக்கா.

"நீ எனக்கு முந்தியே அங்க இருந்தியே!"

அக்கா சிரித்துவிடுகிறாள். "இருந்தேன். பயந்துதான் இருந்தேன். அதுக்காக ஞானஸ்நானப் பேர ஒளிக்கவா? எஸ்தர்னு மொதல்ல எழுதுங்க தம்பி."

எழுதுகிறேன். கூடையிலிருந்து பச்சை வாசம் வருகிறது. அண்ணன் என் தோள்வழியாகத் தாளைப் பார்க்கிறார்.

"நம்ம பேரு தாவீது. கொட்ட எழுத்துல போடுங்க."

உறையை ஒட்டுகிறேன். பசை காயுமுன்பே அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பொலிஸில் கொடுக்க அவரே பஸ்ஸுக்கு இறங்குகிறார்.