சிக்கெடுத்த வரைபடம்

தராசு பழுதுபார்க்கும் கடையில், அக்காவின் கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் நீட்டிய தாளை வாங்கினார்.

மேஜை முழுக்கக் கழற்றிப்போட்ட மின்னணுத் தராசுகள். ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தாளை விரித்தார். அந்த வேலையை விட்டுப் பதினோரு வருடம் ஆகியும் அவர் வரைபடம் பார்க்கும் முறை மாறவில்லை. கோட்டைப் பார்க்கமாட்டார், முதலில் கீழே ஓடும் நேரத்தைத்தான் பார்ப்பார்.

அவள் முக்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். வாக்கியத்தைப் பேருந்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

சனிக் கிரகத்தைச் சுற்றிவந்த விண்கலத்தில், எலெக்ட்ரான்களை எண்ணும் கருவி அவர் செய்தது. தினமும் சனியோடு மல்லுக்கட்டுகிறவனை வேறு எந்தச் சனி வந்து பிடிக்கும் என்று அக்காவிடம் ஜம்பமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. கருவி அனுப்பும் எண்களை வரைபடமாக்குவது மைத்துனியின் வேலை. அவர் சிபாரிசில் கிடைத்த வேலை.

கோடு சமர்த்தாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று எலெக்ட்ரான்கள் கூட்டமாக வந்து மோத, சடாரென எகிறும். பிறகு மெல்ல மெல்ல இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கூத்து.

இதற்கு அலுவலகத்தில் வைத்த பெயர் சிக்கு. சிக்கை நீக்க அவள் எழுதிய நிரலின் பெயர் சீப்பு. ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கோடு எண்ணெய் தேய்த்து வாரிய தலைபோலப் படிந்துவிடும். அவளுடைய முதல் கட்டுரைக்கு அப்படிப்பட்ட கோடுதான் வேண்டியிருந்தது. சிக்கை எடுத்ததற்குக் காரணம் எழுத வேண்டுமே? கருவிக் கோளாறு என்று எழுதினாள்.

கோளாறு இல்லை, அங்கே நிஜமாகவே ஏதோ நடக்கிறது என்று அத்தான் தலைகீழாக நின்று பார்த்தார். மாதக்கணக்கான பதிவையெல்லாம் ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினார். ஆற அமர உட்கார யாருக்கு நேரம் இருந்தது? பெற்றவன் பிள்ளையை விட்டுக்கொடுப்பானா என்று இயக்குநர் சிரித்தார். அடுத்த விண்கலத்துக்கான கருவி வேலை வேறு கைக்குப் போனது.

ரோஷக்காரர். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அக்கா ஒரு வருடம் தங்கையின் முகத்தில் விழிக்கவில்லை. இருவரையும் சேர்த்துவைத்ததும் அத்தான்தான்.

போன வாரம், வேறொரு நாட்டு ஆய்வுக்குழு அதே விண்கலத்தின் வானொலி அலைக் கருவி அனுப்பிய பழைய பதிவுகளைக் கிளறியது. அதிலும் அதே சிக்குகள், அதே நேரங்களில். இரண்டு கருவிகள் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகக் கெட்டுப்போகாது. சனியின் காந்தப்புலத்துக்குள் ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை எலெக்ட்ரான்கள் சீறிக் கிளம்புகின்றன என்று அவர்கள் எழுதியிருந்தார்கள்; அதிலிருந்த வரைபடம்தான் இப்போது மேஜையில் விரிந்து கிடந்தது.

அத்தான் இரண்டு விரல்களை விரித்து வைத்து, ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு நகர்த்தினார். பிறகு அதற்கடுத்தது. அப்படியே தாளின் கடைசிவரைக்கும் போனார்.

அழுகிறாரோ என்று பயந்து நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

உடனே அக்காவுக்குப் போன் போட்டார். உன் தங்கை என்ன கொண்டுவந்திருக்கிறாள் தெரியுமா, மத்தியானச் சாப்பாடு அவளுக்கு நம் வீட்டில்தான் என்று சத்தமாகச் சொன்னார்.

அவள் எழுந்து நின்றாள். ஒன்று சொல்ல வேண்டும் அத்தான் என்று ஆரம்பித்தாள். அவர் கையமர்த்தினார்.

"விடும்மா. அன்னிக்கு உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிருக்கும்? தெரிஞ்சிருந்தா சொல்லாம இருந்திருப்பியா?"

அவள் மேஜையில் கிடந்த தாளை எடுத்து மடித்தாள்.

"தெரியாதுதான் அத்தான்."

அவர் ராஜினாமா செய்த மறுவாரம், திங்கட்கிழமை காலையில், சீப்பு போடாத வரைபடங்களை வரிசையாகப் பரப்பி அவள் எண்ணிப் பார்த்திருந்தாள். இருபத்து மூன்று உச்சிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே அறுபது நிமிடம், அறுபத்து மூன்று, ஐம்பத்தெட்டு, மறுபடி அறுபது. விண்கலம் காந்தப்புலத்தின் எல்லையைத் தாண்டி வெளியே போனதும் ஒரு சிக்குகூட இல்லை. உள்ளே திரும்பியதும் எல்லாம் வந்துவிட்டன. கெட்டுப்போன கருவிக்கு எல்லை தெரியாது.

அன்று மத்தியானம் அவளுடைய கட்டுரையின் கடைசி அச்சுப்படி மேஜைக்கு வந்தது. திருத்தம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.